பிராஸ் பசா பழைய புத்தகக் கடைகள்

சிங்கப்பூரின் பிராஸ் பசா சாலைப் பழைய புத்தகக் கடைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் செழித்து வளர்ந்தவை. அவற்றை வளர்த்தவை பள்ளிக்கூடங்களே. ராஃபிள்ஸ் கல்வி நிலையம், செயின்ட் ஜோசப் கல்வி நிலையம், ஹோலி இன்ஃபண்ட் ஜீசஸ் கான்வென்ட் மூன்றும் அங்கிருந்து நடை தூரத்தில் இருந்தன. கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும் ஊர் அது. ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் மாணவர்கள் பாடநூல்களைக் கொண்டுவந்து விற்பார்கள். அடுத்த வகுப்புக்குப் போகிறவர்கள் அவற்றையே குறைந்த விலைக்கு வாங்கிச் செல்வார்கள். நாலைந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த எளிய குடும்பங்களுக்கு இது பேருதவி. பாடத்திட்டம் மாறினாலோ, அடுக்கி வைத்த பிரதிகள் அத்தனையும் கடைக்காரர் தலையில் விடியும்.

கடை நடத்தியவர்களில் இந்திய முஸ்லிம்களும் சீனர்களும் இருந்தனர். பாடநூல்களோடு ஆங்கில நாவல்களும் பழைய இதழ்களும் விற்றன. 1960இல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் தேசிய நூலகக் கட்டடம் திறக்கப்பட்டபின், இரவல் வாங்குவதும் விலைக்கு வாங்குவதும் ஒரே வட்டாரத்தில் நடந்தன.

நகரச் சீரமைப்பில் பழைய கடைவீடுகள் இடிபட்டன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் 1980இல் நிறைவடைந்ததும், சிதறிக் கிடந்த புத்தக வணிகர்கள் பலர் அங்கே குடியேறினர். மேலே அடுக்குமாடி வீடுகள், கீழே கடைகள். சீனர்கள் அதைப் ‘புத்தக நகரம்’ என்றே அழைத்தனர்.

ஆனால் அடித்தளமாக இருந்த பள்ளிகள் ஒவ்வொன்றாக இடம் மாறின: ராஃபிள்ஸ் 1972இல், கான்வென்ட் 1983இல், செயின்ட் ஜோசப் 1980களின் பிற்பகுதியில். பாடநூலை மட்டும் நம்பியிருந்தால் இத்தொழில் அத்தோடு முடிந்திருக்கும். கடைகளைக் காத்தவர்கள் வேறு வகை வாசகர்கள்: மலாயா வரலாறு தேடும் ஆய்வாளர்கள், அச்சில் இல்லாத உள்ளூர் வெளியீடுகளைத் தேடுவோர், கைச்செலவுக்குள் நாவல் வாங்க நினைப்போர். முன்னாள் உரிமையாளரின் பெயரும் பள்ளி முத்திரையும் ஓரக்குறிப்புகளும் தாங்கிய பிரதிகள் ஆய்வாளருக்குத் தனி மதிப்புடையவை. புதுப் பதிப்பில் அவை கிடைக்கா.

ஸ்டாம்ஃபோர்டு சாலை நூலகம் 2004இல் மூடப்பட்டது. மறு ஆண்டே தேசிய நூலகத்தின் புதிய கட்டடம் விக்டோரியா தெருவில், காம்ப்ளெக்ஸுக்கு அருகிலேயே எழுந்தது. அதே காலத்தில் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக வளாகமும் பக்கத்தில் வந்தது. 2012இல் தொடங்கிய கேரோசெல் போன்ற செயலிகள் வழியாக வாசகர்கள் தங்களுக்குள்ளேயே நேரடியாக விற்றுக்கொள்ளத் தொடங்கினர். இணைய விற்பனையின் போட்டிக்கு நடுவிலும் எவர்நியூ போன்ற பழைய புத்தகக் கடைகள் காம்ப்ளெக்ஸில் நீடித்தன. பஷீர் கிராஃபிக் புக்ஸ் வடிவமைப்பு, கட்டடக்கலை நூல்களில் தனித்துறை அமைத்துக்கொண்டது.