பினோதினி தாசியும் 'பி தியேட்டரும்'

வங்காள மேடையில் பக்தி வேஷம் கட்டியவர்களைத் தேடினால் பினோதினி தாசியைத் தாண்டிப் போக முடியாது. கல்கத்தாவில் கணிகையர் குடும்பத்தில் பிறந்து, 1874-ல் சிறுமியாக மேடையேறியவர்.

1883-ல் கிரீஷ் சந்திர கோஷின் குழுவுக்குச் சொந்தமாக ஓர் அரங்கம் தேவைப்பட்டது. குர்முக் ராய் என்ற பணக்கார வாலிபர் செலவழிக்கத் தயார்; ஆனால் பினோதினி தன்னோடு வாழணும் என்பது நிபந்தனை. குழுவுக்காக அவரும் சம்மதித்தார். கைமாறாக அவர் பெயரின் முதலெழுத்தில் 'பி தியேட்டர்' என்று வைப்பதாகப் பேச்சு. பதிவாகி வந்த பெயரோ 'ஸ்டார்'. ஒரு கணிகையின் பெயர் இருந்தா ஜனங்க வரமாட்டாங்க என்ற பயம்தான்.

அடுத்த வருஷமே அங்கே கிரீஷின் 'சைதன்ய லீலா'. சைதன்யராக பினோதினி. ஜனங்க வந்தாங்க, கண்ணீர் விட்டுப் பார்த்தாங்க. 1884 செப்டம்பர் 21 அன்று ராமகிருஷ்ண பரமஹம்சரே நாடகம் பார்க்க வந்து, அவரை ஆசீர்வதித்தார். மறுவருஷம் பரமஹம்சர் ஷியாம்புகூரில் நோயுற்றுக் கிடந்தபோது, தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்து, ஐரோப்பியர் மாதிரி கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு போய்த்தான் பினோதினி அவரைப் பார்க்க முடிந்தது. மேடையில் மகானாக நின்றவர் நிலைமை இது.

இருபதுகளின் நடுவிலேயே நடிப்பை விட்டார். பிற்பாடு தன் கதையைத் தானே எழுதிவைத்தார். 'பி தியேட்டர்' விஷயம் அதனால்தான் நமக்குத் தெரியுது. 1941-ல் காலமானார்.

2024 டிசம்பரில் ஸ்டார் அரங்கத்துக்கு பினோதினியின் பெயர் அறிவிக்கப்பட்டது. அது ஹாதிபாகானில் 1888-ல் எழும்பிய வேறு அரங்கம். அவர் விலை கொடுத்த பீடன் தெரு கட்டடம் எப்பவோ போயாச்சு.