உலகத் தராசும் ஊர்த் தராசும்

பெரிய மனிதர்களை நிறுத்துப் பார்க்க இரண்டு தராசுகள் இருக்கின்றன. ஒன்று தூரத்தில் இருப்பவர்களுடையது; மற்றது ஊர்க்காரர்களுடையது. இரண்டும் ஒரே எடையைக் காட்டுவது அபூர்வம். காமராஜரின் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வருகிறது.

1963-ல் வெல்ஸ் ஹாங்கன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், நேருவுக்குப் பின் யார் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். எட்டுப் பேருடைய ஜாதகத்தை அதில் கணித்திருந்தார். காமராஜர் அந்த எட்டுப் பேரில் இல்லை! அதே வருஷம் அக்டோபரில், ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வகித்த முதல் மந்திரிப் பதவியைத் தாமாகவே விட்டு இறங்கிக் கட்சி வேலைக்குப் போனார் அவர். 1964 மே 27-ல் நேரு காலமானார். அமெரிக்கரின் கேள்விக்கு விடை தேடிக் கொடுத்தவர் விருதுநகர்க்காரர்தான். லால் பகதூர் சாஸ்திரி பிரதம மந்திரி ஆனார். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்ததும் மறுபடியும் அதே பொறுப்பு. கட்சிக்குள் நடந்த வாக்கெடுப்பில் இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? உயர்நிலைப் பள்ளியை முடிக்காத, மேடையில் தமிழைத் தவிர வேறு பாஷை பேசாத இந்த மனிதர் மன்னர்களை உண்டாக்குகிறவர் என்று வெளியார் வியந்தார்கள். வியப்பு மட்டுமா? வெளிப்படையாகப் போட்டியிட விடாமல், உள்ளே தனித்தனியாகப் பேசிக் 'கருத்தொற்றுமை' காண்பது என்ன ஜனநாயகம் என்று கேட்டவர்களும் உண்டு. 1966 நவம்பர் 7-ல் பசுவதைத் தடை கேட்டுக் கிளம்பிய கும்பல் டில்லியில் அவர் வீட்டுக்கே தீ வைத்தது.

ஊர்த் தராசில் விழுந்த எடைக்கற்கள் வேறு. மதுரையைச் சுற்றியுள்ள வயல்காட்டில் வைகை அணை பெரிய கல். 1959-ல் அதைத் திறந்து வைத்தவர் காமராஜர். பள்ளிக்கூடமும் மத்தியானச் சோறும் அதைவிடப் பெரிய கற்கள். ஏட்டைத் தூக்க வேண்டிய வயதில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த பிள்ளைகளின் தாய்மார் அவரை மறக்கவில்லை.

எதிர்த் தட்டும் காலியாக இல்லை. 1957-ல் முதுகுளத்தூர்ச் சீமையில் ஜாதிக் கலவரம் மூண்டது. செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொலையுண்டார். மூன்று நாள் கழித்துக் கீழத்தூவலில் போலீஸார் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றனர். அந்த மாதமே முத்துராமலிங்கத் தேவர் மதுரையில் கைதானார். கொலை வழக்கிலிருந்து 1959-ல் விடுதலை பெற்றார். ஒரு தெருவுக்குக் காமராஜரின் போலீஸ் காவல்; அடுத்த ஊருக்கு அதே போலீஸ் எமன். இந்தக் கணக்கை டில்லியில் யார் எழுதி வைத்தார்கள்? கரிசல்காட்டுக் கிராமங்கள் எழுதி வைத்திருந்தன.

1965 ஜனவரி 25-ல் மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் ஏற்பட்ட கைகலப்பு, ராஜ்யம் முழுவதும் தீயாகப் பரவியது. சர்க்கார் கணக்குப்படியே சுமார் 70 பேர் மாண்டார்கள். அப்போது காமராஜர் அகில இந்தியத் தலைவர்; இந்தியை அவசரப்பட்டுத் திணிப்பதை எதிர்த்தவரும்கூட. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய், 'சுட்டது சென்னை சர்க்கார், நான் அல்ல' என்றால் எடுபடுமா? போதாக்குறைக்கு அரிசிப் பஞ்சம். தி.மு.கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. பசித்தவன் காதில் வேறு எந்தப் பேச்சு ஏறும்?

1967-ல் தேர்தல் வந்தது. மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பிரயாணத்தில் இருக்கிறது விருதுநகர்; பருப்பும் மிளகாயும் எண்ணெயும் விலை பேசும் வியாபார ஊர். அங்கே, அவர் பிறந்த மண்ணிலேயே, மொழிப் போராட்டத்தில் முன்நின்ற பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1285 ஓட்டு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். இரண்டு பிரதமர்களை உண்டாக்கியவருக்குச் சொந்த ஊரில் ஓர் எம்.எல்.ஏ. ஆக முடியவில்லை. 'நன்றி கெட்ட ஜனங்கள்' என்று இன்றும் பலர் பெருமூச்சு விடுகிறார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. அதே காலத்தில் பிற தேசங்களைப் பாருங்கள். கானாவுக்கு விடுதலை வாங்கித் தந்த நுக்ருமா 1964-ல் ஒரே கட்சி ஆட்சியைச் சட்டமாக்கினார். பிறகு அவரை இறக்க ஜனங்களுக்கு ஓட்டு என்ற வழியே இல்லை. 1966-ல் பட்டாளம் இறக்கியது. இங்கேயோ ஆட்சி காமராஜர் கட்சியின் கையில் இருந்தது. போலீஸும் உத்தியோகஸ்தர்களும் அந்த ஆட்சியின் கீழ்தான். 1285 என்ன பெரிய எண்ணிக்கையா? ஆனாலும் எண்ணியது எண்ணியபடியே அறிவிக்கப்பட்டது, அவரும் ஒப்புக்கொண்டார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று, ஜெயித்துப் பார்லிமெண்டுக்குப் போனார். மன்னர்களை உண்டாக்கிய சாமர்த்தியம் ராஜதந்திரம். தோற்கக்கூடிய இடத்தில் போய் நின்று, தோற்று, மீண்டும் ஜனங்களிடமே ஓட்டுக் கேட்கப் போனாரே, அதுதான் ஜனநாயகம்.

1975 ஜூனில் அவர் பிரதமராக்கிய இந்திரா காந்தியே நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தார். காமராஜர் அதை ஏற்கவில்லை. அந்த இருட்டு விலகுவதைக் காணாமலே அக்டோபர் 2-ல் கண்ணை மூடினார். அடுத்த வருஷம் பாரத ரத்னா விருது வந்தது. 1978-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பெற்றது. பெயர் சூட்டிய ஆட்சி, அவரைத் தோற்கடித்த இயக்கத்திலிருந்து கிளைத்த கட்சியின் ஆட்சி!

இப்போது எல்லாக் கட்சிக்காரர்களும் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். போடட்டும். ஆனால் மாலைகளின் அடியில் கீழத்தூவலும், மொழிப் போரில் மாண்ட பிள்ளைகளும், விருதுநகரின் 1285 ஓட்டும் மறைந்துவிடக் கூடாது. அவரைத் தெய்வமாக்கிவிட்டால், அவரை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் பாவிகள் என்றாகும். தம்மை எதிர்க்க அந்த ஜனங்களுக்கு இருந்த உரிமையைக் காமராஜர் ஒருநாளும் பாவம் என்று எண்ணியவர் அல்லர்.