காகிதம் காட்டிக்கொடுத்தவனும் ஊர் காட்டிக்கொடுத்தவனும்

ஜோர்ஜ் டெய்லருக்குத் தான் யாரென்று தெரியாது. ஆனால் லொஸ் ஏஞ்சலிஸில் அவன் காலடி வைத்த இடமெல்லாம் யாரோ ஒருவர் அவனைப் பின்தொடர்கிறார். ‘இனி அவன்’ படத்தின் நாயகனான முன்னாள் போராளிக்குத் தன்னை நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவன் பிறந்த ஊர்தான் அவன் முகத்தைப் பார்க்க மறுக்கிறது. முன்னது ஜோசப் எல். மான்கிவிச் 1946இல் இயக்கிய ‘சம்வேர் இன் த நைட்’. பின்னது அசோக ஹந்தகம 2012இல் தமிழில் எடுத்த படம். இரண்டுக்கும் இடையே 66 ஆண்டுகள் கிடக்கின்றன. இரண்டிலும் போர் முடிந்துவிட்டது. போரிலிருந்து திரும்பியவனுக்குத்தான் இன்னும் முடியவில்லை.

நினைவிழந்த படைவீரன் தன் குற்றப் பின்னணியைத் தானே துப்பறியும் கதைக்கு இயல்பான சோடி வேறொன்று இருக்கிறது. 1949இல் ரொபர்ட் ஃபுளோரி இயக்கிய ‘த குரூக்கட் வே’. அதில் ஜோன் பெய்ன், தலைக்குள் குண்டுச் சிதறலோடு ஊர் திரும்பி, தான் ஒரு காலத்தில் எடி ரிக்கார்டி என்ற கும்பல்காரன் என்று கண்டுபிடிக்கிறார். ஜோன் ஆல்ட்டனின் ஒளிப்பதிவுக்காகவே அதைப் பார்க்கலாம். ஆனால் இரட்டைப் பிள்ளைகளை அருகருகே நிறுத்தினால் மூக்கிலும் காதிலும் மட்டுமே வித்தியாசம் தேட வேண்டியிருக்கும். தூரத்து உறவுக்காரரை நிறுத்தினால்தான் குடும்பச் சாயல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

முதற் சாயல் எதிர்மறையாகவே தென்படுகிறது. டெய்லரை நினைவில் வைத்திருப்பவை காகிதங்கள். பணப்பையில் தன்னை வெறுக்கும் ஒரு பெண்ணின் கடிதம், புகையிரத நிலையத்துப் பொதிக் காப்பகத்தில் ஒரு பை, அதற்குள் துப்பாக்கி, லாரி கிராவட் என்ற பெயரில் இன்னொரு கடிதம், வங்கியில் 5,000 டொலர். மனிதன் மறந்ததைக் கோப்புகள் மறக்கவில்லை. ‘இனி அவன்’ நாயகனிடம் காட்டுவதற்குக் கடிதமும் இல்லை, கணக்கும் இல்லை. அவனை நினைவில் வைத்திருப்பவை முகங்கள். பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்த வீட்டுக்காரர்கள் அவனைப் பார்க்கும் பார்வையிலேயே குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டுவிடுகிறது. டெய்லர் ஒவ்வொரு கதவையும் தட்டி ‘என்னைத் தெரியுமா’ என்று மறைமுகமாகக் கேட்கிறான். இவன் ஒரு கதவையும் தட்டுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிடுகிறது.

மான்கிவிச் படத்தின் மிக அழகான தந்திரம் ஒரு கோட்டின் உள்ளே தைத்திருக்கும் துண்டுச் சீட்டு. துறைமுகத்தின் அடியில் ஒளித்த பெட்டியைத் திறக்கும்போது அது கண்ணில் படுகிறது: ‘டபிள்யூ. ஜோர்ஜ், டெய்லர்’. தையற்காரரின் சீட்டிலிருந்து எடுத்த பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு ஒருவன் படையில் சேர்ந்திருக்கிறான். தான் தேடித் திரிந்த கிராவட் தானேதான் என்பது அங்கே உறுதியாகிறது. ஓர் ஆளையே உருவாக்க அரை விரற்கடைத் துணி போதும் என்று நினைக்கும் சமூகம் அது. யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் இந்தத் தந்திரம் அரை நாள் கூடத் தாங்காது. ‘நீர் ஆற்றை மகன்?’ என்ற ஒரே கேள்வியில் கோட்டும் போய்விடும், பெயரும் போய்விடும். மறதி என்பது பெருநகரத்தின் வசதி என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான்.

பெண்களிடம் வரும்போது எதிர்மறை மறைந்து உறவு தலைகாட்டுகிறது. டெய்லர் எலிசபெத் கொன்ரோய் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். அவனை முன்பே அறிந்தவள் போல அவள் பேசுகிறாள். அவன் முகம் மலர்கிறது. பிறகுதான் தெரிகிறது, தனிமை தாங்காமல் அவள் தெரிந்தவள் போல நடித்தாள் என்பது. ஜோசஃபின் ஹட்சின்சன் இதைச் சில நிமிடங்களில் செய்து காட்டிவிட்டுப் போய்விடுகிறார். துப்பறியும் முடிச்சுகள் அத்தனையையும் மறந்த பிறகும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மறக்கவில்லை. ‘இனி அவன்’ நாயகனுக்குக் காவல் வேலை ஒன்று கிடைக்கிறது. அந்த வேலையை இழந்தவரின் மனைவி அவனைத் தேடி வருகிறாள். நிரஞ்சனி சண்முகராஜா நடித்த பாத்திரம் அது. முதலாமவளுக்கு அவனை யாரென்று தெரியாது, ஆனால் அவன் தேவைப்படுகிறான். இரண்டாமவளுக்கு அவன் யாரென்பது முக்கியமே இல்லை. தன் வீட்டு அடுப்பை அணைத்தவன், அவ்வளவுதான். இருவரும் அவனை அவனுடைய கடந்தகாலத்திலிருந்து சற்று நேரம் விடுவிக்கிறார்கள். வீரனாகவும் குற்றவாளியாகவும் அல்லாமல் எதிரே நிற்கும் ஓர் ஆளாக அவனை நடத்துபவர்கள் இரண்டு படங்களிலும் இப்படி நட்டப்பட்ட பெண்கள்தான்.

காதலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்சி கில்ட் நடித்த பாடகி டெய்லரைக் கண்டதும் நம்பிவிடுகிறாள். ஏன் என்று கேட்டால் திரைக்கதையிடம் பதில் கிடையாது. ஹந்தகமவின் நாயகனுடைய பழைய காதலியோ, இயக்கத்தில் சேர்க்கப்படாமல் தப்பிப்பதற்காக வயது மூத்த ஒருவருக்கு மணம் முடித்துக்கொடுக்கப்பட்டவள். இப்போது கைம்பெண், கையில் பிள்ளை. இவளுடைய மௌனத்துக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை.

குற்றம் எங்கே இருக்கிறது என்பதில்தான் இரண்டு கதைகளும் நேர்மாறாகத் திரும்புகின்றன. டெய்லருக்குக் குற்றம் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது: ஜெர்மனியிலிருந்து வந்த இருபது லட்சம் டொலர் நாஜிப் பணம், துறைமுகத்தில் விழுந்த ஒரு பிணம். ‘இனி அவன்’ நாயகனுக்கு அது முன்னால் காத்திருக்கிறது. வேலை கொடுப்பவர்களின் தொழில் கடத்தல். ஆயுதம் பிடித்த கை அவர்களுக்குப் பயன்படும். ஒருவன் எவ்வளவு ஓடினாலும் பழைய கும்பலிடம் போய்ச் சேர்கிறான். மற்றவன் எவ்வளவு ஒதுங்கினாலும் புதிய கும்பல் அவனிடம் வந்து சேர்கிறது. போர் கற்றுக்கொடுத்த தொழிலுக்குச் சமாதானத்தில் ஆட்சேர்ப்பு செய்பவர்கள் கள்ளக்கடத்தல்காரர்கள் மட்டுமே என்பதை இரண்டு இயக்குநர்களும் ஒருவரையொருவர் அறியாமல் சொல்லியிருக்கிறார்கள்.

அரசு என்ன கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் படைவீரருக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் கொடுத்தது. 2009க்குப் பிறகு இலங்கையில் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்குச் சென்று திரும்பினார்கள். கையில் கிடைத்தது சான்றிதழ். வென்ற படையும் தோற்ற இயக்கமும் ஒரே தராசில் நிற்காது என்பது உண்மை. ஆனால் இந்த வேறுபாடு கதை முடிவையே தீர்மானிக்கிறது. ‘சம்வேர் இன் த நைட்’ கடைசியில் டெய்லரைக் கொலைப்பழியிலிருந்து விடுவித்துவிடுகிறது. கொன்றது அவனல்ல, இவ்வளவு நேரமும் நண்பராகப் பழகிய இரவுவிடுதி உரிமையாளர். இதை வெறும் திரைக்கதைத் திருப்பம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அதே 1946இல் வந்த ‘த புளூ டாலியா’ படத்துக்கு ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய கதையில், மூளையில் காயப்பட்ட படைவீரன்தான் கொலைகாரன். அமெரிக்கக் கடற்படை ஆட்சேபித்தது; சாண்ட்லர் கொலைகாரனை மாற்றினார். படைவீரன் திருடனாக இருக்கலாம், கொலைகாரனாக இருக்கக்கூடாது என்ற எல்லைக்கோடு அன்றைய ஹொலிவூட்டின் மேல் இருந்தது. ஹந்தகமவின் நாயகனுக்காக ஆட்சேபிக்க எந்தக் கடற்படையும் இல்லை. அவனுக்காகப் பேச வேண்டிய இயக்கமே இல்லாமல் போய்விட்டது.

இவ்விடத்தில் எங்களைப் போன்ற திருகோணமலைக்காரர்களுக்கு இந்த இரண்டு படங்களையும் ஒன்றாகப் படிக்க ஒரு தனிச் சலுகை உண்டு. டெய்லரின் போர் எங்கள் துறைமுகத்துக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. நிலாவெளி வீதியோரப் போர் மயானத்தில் அந்தப் போரின் இறந்தவர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசை குலையாமல் நிற்கின்றன. புல் வெட்டவும் ஆள் உண்டு. ‘இனி அவன்’ நாயகனின் தோழர்களுக்கு வடகிழக்கெங்கும் இருந்த துயிலும் இல்லங்கள் இராணுவத்தால் இடித்து மட்டமாக்கப்பட்டன. ஒரு போருக்குக் காகிதமும் கல்லும் காவல் நிற்கின்றன. மற்றப் போருக்கு வீட்டுக்குள் தொங்கும் படங்களும் அயலவரின் முகங்களும்தான். முதற் படத்துக் குப்பை போன்ற துண்டுச் சீட்டும் இரண்டாம் படத்து வாய்பேசாத முகங்களும் எங்கிருந்து வந்தன என்பதற்கு இந்த ஒரே மாவட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

துறைமுகவாசிக்கு ஒரு சின்ன முறைப்பாடும் உண்டு. அத்தனை லட்சம் டொலர் அடங்கிய பெட்டி, போர் முடியும்வரை, இறங்குதுறைக்கு அடியில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்ததாம். சுங்கமும் கடற்படையும் கூலியாட்களும் நடமாடும் துறையை மான்கிவிச் பார்த்ததில்லை போலும். எங்கள் கடலுக்குச் சொந்தமாக ஒரு படம் உண்டென்றால் அது மைக் வில்சன் இங்கே நீருக்கடியில் படம்பிடித்த ‘ரன் முத்து தூவ’ (1962), சிங்களத்தின் முதல் வண்ண முழுநீளப் படம். அந்த ஆங்கிலேயர் பின்னாளில் சினிமாவை உதறிவிட்டுச் சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் கதிர்காமக் கந்தனின் அடியாராகிவிட்டார். பழைய பெயரை ஒளிந்துகொள்வதற்காக அல்லாமல் கழற்றி வைத்த ஒரே ஆள், இந்தக் கட்டுரையில், அவர்தான்.

ஒளியிலும் ஒரு விநோதம். குற்றத்தையும் மறதியையும் இரவுக்குள் வைப்பது ஹொலிவூட் வழக்கம். நோர்பர்ட் புரோடினின் ஒளிப்பதிவில் டெய்லர் நிழலிலிருந்து நிழலுக்கே நகர்கிறான். ‘இனி அவன்’ பார்த்து என் மனதில் தங்கியவை பெரும்பாலும் வெயில் காட்சிகள். பனைகளுக்கிடையில் ஒளிய நிழலே கிடைக்காத வெளி. இருட்டில் ஒருவனைக் கண்டுபிடிப்பது கடினம், வெளிச்சத்தில் ஒருவனைக் காணாததுபோல் இருப்பது அதைவிடக் கடினம். பின்னதைத்தான் ஒரு கிராமமே சேர்ந்து செய்கிறது.

நடிகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். டெய்லராக நடித்த ஜோன் ஹோடியாக்கை உயர் இரத்த அழுத்தம் காரணமாகப் படையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். போருக்குப் போகாதவர் போர்வீரனானார். அவர் 1955 அக்டோபரில் மாரடைப்பால் இறந்தபோது வயது 41. ‘இனி அவன்’ நாயகன் தர்ஷன் தர்மராஜ் 2022 அக்டோபரில் திடீரென இறந்தார். அவருக்கும் வயது 41. இதிலிருந்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஆனால் சமச்சீரில் இன்பம் காண்பவன் இதை மறைத்து வைக்கவும் முடியாது.

இரண்டையும் பார்க்கப்போகிறவர்கள் ‘இனி அவ’னை முதலில் பாருங்கள். ஹந்தகம அதற்கு முன் ‘மே மகே சந்தய்’ (2000) படத்தில் போர்முனையை விட்டோடிய சிங்களச் சிப்பாயைப் பின்தொடர்ந்தவர்; தோற்ற பக்கத்துப் போராளிக்கு அவர் வந்து சேர்ந்த பாதை அது. சிங்கள இயக்குநருக்கு இந்தக் கதையைச் சொல்ல உரிமை உண்டா என்று கேட்பவர்களுக்கு அந்தப் படமே என் பதில். அதன் பிறகு மான்கிவிச்சிடம் போனால், பொலிஸ் லெப்டினன்ட் கெண்டலும் அவருடைய பகிடிகளும் கண்ணில் படும். சினிமாத் துப்பறிவாளர்கள் ஏன் எப்போதும் தொப்பியோடு இருக்கிறார்கள் என்று படம் முழுக்க யோசிக்கும் அவர், கடைசியில் துப்பாக்கியால் சுட்ட பிறகு விடை கண்டுபிடிக்கிறார்: சுட வேண்டி வந்தால் கையில் தொப்பி இருக்கக்கூடாது. கொலை, போர், மறதி எல்லாவற்றுக்கும் பிறகு பகிடியோடு முடிக்கும் உரிமை மான்கிவிச்சுக்கு இருந்தது. ஹந்தகம அப்படி ஒரு கடைசி வசனத்தை எழுதியிருந்தால் யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் ஒருவரும் சிரித்திருக்கமாட்டார்கள்.