யாழ்ப்பாணத்து இல்லமும் வெப்பமும்: அடுக்களை முதல் கணினி வரை

யாழ்ப்பாணக் குடாநாடு மலை இல்லாதது. வற்றாத ஆறும் இல்லாதது. சுண்ணக்கற் பாறையும், அதன்மேற் படிந்த மெல்லிய மண்ணும், அம்மண்ணிற் செறிந்த பனையும், சூழ்ந்த கடலுமே அதன் இயல்பு. வட அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் அமைந்திருத்தலின், ஞாயிறு ஆண்டில் இருமுறை, சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும், அதன் உச்சிக்கு நேரே நிற்கின்றது. மழையோ பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்து ஓய்கின்றது. ஏனைய மாதங்களில் வெயிலோடு ஒத்து வாழ்தலே இந்நிலத்து மக்களின் கடனாயிற்று. ஆகலின் இங்கு வீடு கட்டுதல் என்பது வெப்பத்தை ஆளும் கலையாகவே வளர்ந்தது. அக்கலையின் வரலாறு அடுக்களையிலே தொடங்கி, இன்று கணினி இருக்கும் அறையில் வந்து நிற்கின்றது.

பழைய வீடுகளுள் நாற்சார் வீடு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. நடுவே திறந்த முற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும், தாழ்வாரத்தை அடுத்த அறைகளும் கொண்டது அது. வெம்மையுற்ற காற்று இலேசாகி முற்றத்தின் வழியே மேலெழும். அதனிடத்தை நிரப்பப் புறத்தேயுள்ள காற்று தலைவாசல் வழியாகப் புகும். தாழ்ந்து நீண்ட கூரை விளிம்பு சுவரில் வெயில் படாது காத்தது. சுண்ணச்சாந்தினாற் கட்டிய தடித்த கற்சுவர் பகல் வெப்பம் விரைந்து உள்ளே வாராது தாமதப்படுத்தியது. போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், விறாந்தை, யன்னல் என்னும் அவர்தம் மொழிச் சொற்கள் இந்நாட்டுப் பேச்சிலே கலந்தன. நிழலுக்கும் காற்றுக்கும் உரிய இரண்டு உறுப்புகளின் பெயர்களே இவ்வாறு நிலைத்தமை கருதத்தக்கது.

எனினும் கல்வீடு அனைவர்க்கும் உரியதாக இருக்கவில்லை. செல்வமும் சாதி மேலாண்மையும் உடையோரே நெடுங்காலம் அதனை அனுபவித்தனர். ஏனையோர் மண்சுவரும் பனையோலைக் கூரையும் உடைய சிறு வீடுகளில் வாழ்ந்தனர். ஆயினும் வெப்பத்தைப் பொறுத்தவரையில் அவ்வோலைக் கூரை தாழ்ந்ததன்று. ஓலையடுக்குகளின் இடையே தங்கிய காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. பகலிற் சூடேறினும் மாலையில் விரைந்து குளிர்ந்துவிடும்.

இவ்விருவகை வீடுகளிலும் காணப்பட்ட பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. அடுப்பெரியும் இடம் பெரும்பாலும் உறங்கும் இடத்தினின்றும் பிரிக்கப்பட்டிருந்தது. பல வளவுகளில் அடுக்களை தனிக் கொட்டிலாகவே நின்றது. தீ விபத்துக்கு அஞ்சியும் புகையை விலக்கியும் இவ்வாறு செய்தனர் என்பது உண்மையே. ஆயினும் அதன் பயன் அவ்வளவில் நிற்கவில்லை. அடுப்பின் வெம்மை வீட்டினுட் புகாமையால், இரவிலே படுப்போர்க்கு அறை குளிர்ந்திருந்தது. வெப்பத்தைத் தோற்றுவிக்கும் பொருளை வாழும் அறையில் வையாதே என்பதே அவ்வொழுங்கின் உட்கருத்து.

அவ்வொழுங்கு ஒரே நாளிற் குலைந்ததன்று. மங்களூரில் 1865ஆம் ஆண்டிலே பாசல் மிசன் நிறுவிய தொழிற்சாலையைத் தொடர்ந்து, இயந்திரத்தாற் செய்த தட்டையோடு பல நாடுகளுக்கும் பரவியது. ஓட்டுக்கூரை இடைவெளிகளின் வழியே காற்றை ஓரளவு விட்டமையால் தீங்கு பெரிதாகவில்லை. காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டிலே தொடங்கியமை வேறொரு திருப்பமாகும். முன்னோர் நீற்றிச் சாந்தாக்கிய அதே சுண்ணக்கல், இப்பொழுது சீமெந்தாகித் தட்டைக் கூரையாகவும் உருவெடுத்தது. அக்கூரை பகல் முழுதும் வெப்பத்தை உண்டு, இரவு முழுதும் அதனை உமிழும் இயல்பினது. முற்றம் மறைந்தது, கூரை விளிம்பு குறுகியது, அடுக்களை வீட்டினுள்ளே வந்தது. குறையை நீக்க மின்விசிறி வந்தது. அதுவோ உடலின் வியர்வையை உலர்த்தி இதம் தருமேயன்றி அறையின் வெப்பத்தைக் குறைப்பதன்று.

இத்தகைய அறைக்குள்ளேதான் கணினி நுழைந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1946ஆம் ஆண்டு வெளிப்படுத்தப்பட்ட எனியாக் என்னும் கணினி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டிருந்தது. அது 150 கிலோஉவாற்று அளவில் மின்வலுவை உண்டது. 1947ஆம் ஆண்டிலே திரான்சிற்றர் தோன்றிய பின் கணினியும் சுருங்கியது, அதன் வெம்மையும் சுருங்கியது. 1981ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மேசைக்கணினிக்கு 63.5 உவாற்று மின்வழங்கியே போதுமாயிருந்தது. பின்னர் வேகத்தின் மீது எழுந்த வேட்கையால் வெம்மை மீண்டும் ஏறியது. 2004ஆம் ஆண்டளவிற் பென்ரியம் 4 வகை முறைவழியாக்கிகளுட் சில, தாமே 100 உவாற்றைக் கடந்தன. அவ்வழியில் மேலும் செல்லுதல் இயலாதென உணர்ந்த இன்ரெல் நிறுவனம், வேகத்தை மட்டும் கூட்டுதலை விடுத்து, ஒரே சில்லினுட் பல கருக்களை அமைக்கும் வழியை மேற்கொண்டது. வெப்பமே அத்துறையின் போக்கை மாற்றியது எனலாம்.

யாழ்ப்பாணத்திலோ இவ்வரலாறு வேறு வகையாக நிகழ்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானத் துறை 1991ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே போரினாற் குடாநாட்டின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயும் அரிதாகிய அக்காலத்தில், மாணவர் ஜாம் போத்தலினுட் சிறிது எண்ணெயும் திரியும் இட்டு எரித்த விளக்கிலே படித்தனர். துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அத்தகைய தைனமோ தருவது ஏறத்தாழ 3 உவாற்று. 200 உவாற்று உண்ணும் மேசைக்கணினி ஒன்றை இயக்க, இருவர் மூவர் இடைவிடாது மிதிக்க வேண்டும். மின்வலுவின் அருமையை உடலால் அறிந்த தலைமுறை அது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னும், 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னும் கணினி இல்லந்தோறும் பரவியபோது, அவ்வருமை மெல்ல மறக்கப்பட்டது.

கணினி உண்ணும் மின்சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே அறையிற் கலக்கின்றது. எழுத்தாகவும் படமாகவும் கணக்காகவும் தோன்றியவை யாவும் அச்சக்தியில் ஒரு சிறு பங்கையேனும் மீதமாக்கி வைப்பதில்லை. வாளாவிருக்கும் மனிதர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றது. எனவே 200 உவாற்றுக் கணினி ஒன்று, அறையிலே மேலும் இருவர் வந்து அமர்ந்தமைக்கு ஒப்பாகும். கணினியினுள்ளே சுழலும் விசிறி அவ்வெப்பத்தைப் பெட்டியினின்றும் அறைக்குத் தள்ளுகின்றதேயன்றி அழிப்பதில்லை. குளிரூட்டி அதனைப் புறத்தே கொண்டு செல்லும். ஆயின் அதன்பொருட்டு மேலும் மின்சாரத்தை உண்ணும். 2022ஆம் ஆண்டிற் போல நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்தடை நிகழுமாயின், குளிரூட்டியை நம்பி அடைத்துக் கட்டிய அறை வாழத் தகாததாகிவிடும்.

இதற்குரிய தீர்வைப் பழைய வீட்டின் ஒழுங்கே காட்டுகின்றது. முதலாவது, தீயைச் சிறிதாக்குதல். பழைய கதோட்டுக் கதிர்க்குழாய்த் திரைக்குப் பதிலாகத் தட்டைத்திரையைக் கொள்ளுதல், வேலையில்லாப் போது கணினியை உறங்கவிடுதல், தேவைக்கு மிஞ்சிய வரைபட அட்டையைத் தவிர்த்தல், திறன் மிக்க மின்வழங்கியைத் தெரிதல் ஆகியன இதில் அடங்கும். எழுத்து வேலைக்கும் பாடத்துக்கும் பெரும்பாலும் 15 முதல் 60 உவாற்று வரை உண்ணும் சிறுகணினியோ மடிக்கணினியோ போதும். இரண்டாவது, தீயைப் பிரித்து வைத்தல். திரையும் விசைப்பலகையும் அறையில் இருக்க, பெட்டியைச் சுவருக்கு அப்பால் நிழலும் காப்பும் உள்ள இடத்தில் வைத்து நீண்ட வடத்தால் இணைக்கலாம். அது அடுக்களையை வேறாக்கிய முறையே. கடற்காற்றின் உப்பும் தூசும் படாது காத்தல் மட்டும் வேண்டும். மூன்றாவது, வெம்மைக்கு வழிவிடுதல். நீளமும் அகலமும் உயரமும் பத்தடியான அறையில் 200 உவாற்று வெப்பத்தினால் உண்டாகும் ஏற்றத்தை 2 பாகை செல்சியசு அளவில் நிறுத்த, அவ்வறையின் காற்று மணிக்குப் பத்துத் தடவைக்குக் குறையாது மாறுதல் வேண்டும். காற்று வரும் பக்கத்திலே தாழ்வாக ஒரு வழியும், எதிர்ப்பக்கத்திலே கூரையை அடுத்து ஒரு வழியும் இருப்பின் இது எளிதாகும். நடுப்பகலிற் புறக்காற்றே வெம்மையுறுதலின், மிகுந்த வேலையை வைகறைக்கும் இரவுக்கும் ஒதுக்குதல் நன்று.

இது உடலின் இதத்தை மட்டும் பற்றியதன்று. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள், எஞ்சியவற்றைக் கணினியில் ஏற்றிக் காத்து வருகின்றன. கணினியின் மின்கொள்ளளவிகளோ பத்துப் பாகை வெப்பம் கூடுந்தோறும் தம் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழப்பன. ஒரே தீயில் நூல்களை இழந்த ஊர், சிறிது சிறிதாக ஏறும் வெம்மையையும் பொருட்படுத்துதல் வேண்டும். அடுப்பை எங்கே வைப்பது என்று அறிந்து வீடு கட்டிய மக்களுக்குக் கணினியை எங்கே வைப்பது என்பது புதிய வினாவன்று. பழைய வினாவே புதிய பொருளின்மேல் எழுகின்றது.