முஹம்மது அலீ: பட்டமும் பண்பும்

கூவம் ஆற்றின் வளைவில் அமைந்த சிந்தாதிரிப்பேட்டை, 1734ஆம் ஆண்டு ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர் குடியிருப்பாக உருவாக்கப்பட்டது. பேட்டைக்கு வடக்கே ஆற்றைக் கடந்து சென்றால், ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் நேரு விளையாட்டரங்கு உள்ளது. 1990களில் புதிதாகக் கட்டப்படுவதற்கு முன்பிருந்த பழைய அரங்கில்தான், 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முஹம்மது அலீ சென்னை மக்கள் முன்னிலையில் காட்சிப் போட்டியொன்றில் கலந்து கொண்டார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றுச் சிறப்பித்தார்.

அன்று எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அவர் யார் என்பதை அறிந்தால், அலீயின் வாழ்க்கையில் எது பெரிது என்பதும் நமக்கு விளங்கும்.

1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூயிவில் நகரில் காஷியஸ் கிளே என்ற பெயரில் பிறந்தவர் அலீ. எல்லிஸும் அதே ஊர்க்காரர்; இளமைத் தோழர். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கிளே, 1964 பிப்ரவரியில் சன்னி லிஸ்டனை வீழ்த்தி உலகக் கனரகப் பட்டத்தைப் பெற்றார். உடனே தம் சமயத் தேர்வை அறிவித்தார். புதிய பெயரும் பூண்டார். அவர் முதலில் சேர்ந்த 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தின் இனவாதக் கொள்கை இஸ்லாத்தின் சமத்துவத்துக்கு முரணானது. 1972இல் அவர் ஹஜ்ஜை நிறைவேற்றினார்; 1975இல் வாரிதுத்தீன் முஹம்மது அவ்வியக்கத்தாரைப் பொதுவான இஸ்லாமிய நெறியின்பால் திருப்பியபோது, அலீயும் அவ்வழியே வந்தார்.

வியட்நாம் போருக்காகப் படையில் சேர 1967 ஏப்ரல் 28 அன்று அவர் மறுத்தார். உரிமமும் பட்டமும் பறிக்கப்பட்டன. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறை செல்லவில்லை எனினும், மூன்றரை ஆண்டுகள் அவரால் மேடையேற இயலவில்லை. ஒரு வீரனின் உடல் உச்ச வலிமையில் இருக்கும் 25 முதல் 28 வயது வரையிலான காலம் அது. 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ஒருமனதாக நீக்கியது. கழிந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது.

பறிக்கப்பட்ட பட்டத்துக்காக உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டு வீரர்களைக் கொண்டு போட்டி நடத்தியது. 1968இல் அதில் வென்று பட்டம் சூடியவர் எல்லிஸ்தான். தாம் இழந்ததைத் தம் தோழர் பெற்றதை அலீ பகையாகக் கொள்ளவில்லை. 1971இல் ஹூஸ்டனில் இருவரும் மோதினர், அலீ வென்றார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் கழித்து அவ்விருவரே சென்னையில் ஒரே மேடையில் நின்றனர்.

ஆயினும் அலீயைக் குறையற்றவராக்கிப் புகழ்வது வரலாறாகாது. ஜோ ஃபிரேசியரை விலங்கோடு ஒப்பிட்டு இழிவுபடுத்தினார். அந்தக் காயம் ஃபிரேசியரின் உள்ளத்தில் நெடுங்காலம் ஆறவில்லை. 1964இல் மால்கம் எக்ஸ் இயக்கத்திலிருந்து பிரிந்தபோது அலீ அவரைப் புறக்கணித்தார். மறு ஆண்டே மால்கம் கொல்லப்பட்டார். அது குறித்து அலீ பிற்காலத்தில் மனம் வருந்தி எழுதியுள்ளார். முகத்தில் அடிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்திருப்பதால், குத்துச்சண்டை ஆகாது என்று கூறும் மார்க்க அறிஞர்களும் உளர். 1984இல் கண்டறியப்பட்ட நடுக்குவாத நோய் அவரைத் தளரச் செய்ததை நினைக்கையில், அக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

1980இல் அவர் இந்தியாவில் இருந்தபோதே, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளின் ஆதரவைத் திரட்டுமாறு அதிபர் கார்ட்டர் வேண்டினார். அலீ சென்றார். தான்சானியாவில் அதிபர் நைரேரே அவரைச் சந்திக்க மறுத்தார். தென்னாப்பிரிக்கத் தொடர்பைக் கண்டித்து 1976இல் ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா ஏன் துணை நிற்கவில்லை என்று செய்தியாளர்கள் கேட்டனர். அச்செய்தி தமக்குச் சொல்லப்படவில்லை என்று அலீ வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அரசின் தூதராக வந்தவர், அரசைக் காக்க உண்மையை மறைக்கவில்லை.

61 போட்டிகளில் 56 வெற்றி. மும்முறை உலகப் பட்டம். 1990இல் இராக் சென்று 15 அமெரிக்கப் பிணைக்கைதிகளை மீட்டு வந்தார். 2016 ஜூன் 3 அன்று காலமானார்.

மல்யுத்தத்தில் வெல்பவன் வீரனல்லன், சினம் வரும்போது தன்னை அடக்குபவனே வீரன் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். அவ்வளவுகோலால் அளந்தால், ஃபிரேசியரை ஏசிய அலீ தோற்றவர். பட்டத்தை விட்டுக்கொடுத்து, அதைப் பெற்ற தோழரோடு சென்னையில் கைகோத்து நின்ற அலீயோ வென்றவர். இரண்டும் ஒரே மனிதர்தாம். நம் இளைஞர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தும்போது, இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.