காற்று இறக்கிய விருந்தாளி

மனிதன் வானில் பறந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவன் ஏறியதையே விரித்துரைப்பர். இறங்கியதைக் கூறுவோர் சிலரே. பலூனில் ஏறுபவர் தாம் புறப்படும் இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். சேரும் இடத்தையோ காற்றே தீர்மானிக்கிறது. அங்கே யார் இருப்பர், என்ன மொழி பேசுவர், வந்தவரை எவ்வாறு எதிர்கொள்வர் என்பதெல்லாம் முன்கூட்டித் தெரியாது. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வந்து இறங்கிய தமிழராகிய நமக்கு இந்நிலை முற்றிலும் புதியது என்று சொல்வதற்கில்லை. ஆதலின், பலூன் வரலாற்றின் இந்த மறுபாதியைச் சிறிது காண்போம்.

பிரான்சு நாட்டில் அன்னோனே என்னும் ஊரில் காகித ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர்கள் ஜோசப், எத்தியேன் மோங்கோல்ஃபியர் என்னும் சகோதரர்கள். துணியும் காகிதமும் கொண்டு பெரியதொரு பையை அமைத்து, அடியில் தீ மூட்டி, 1783 ஜூன் 4ஆம் நாள் ஊரறிய அதனை வானில் எழச் செய்தனர். புகையில் தனியானதொரு வாயு உண்டென்றும், அதுவே பையைத் தூக்குகிறதென்றும் அவர்கள் கருதினர். உண்மையில் தூக்குவது வெப்பமே. சூடேறிய காற்று விரிகிறது. விரிந்த காற்று, அதே அளவுள்ள குளிர்ந்த காற்றைக் காட்டிலும் எடையில் குறைந்துவிடுகிறது. அதனால் பை மேலெழுகிறது. தமிழில் பலூனுக்குப் ‘புகைக்கூண்டு’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அச்சொல்லைக் காணுந்தோறும் அச்சகோதரர்களின் எண்ணம் நினைவுக்கு வரும்.

அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள், வெர்சேல்ஸ் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயி முன்னிலையில் ஒரு செம்மறியாடும் வாத்தும் சேவலும் பலூனில் ஏறி, உயிரோடு இறங்கின. நவம்பர் 21ஆம் நாள் பிலாத்ர் தெ ரோசியே, தார்லாந்த் பிரபு ஆகிய இருவர் பாரிஸ் நகரில் ஏறினர். கயிறு கட்டாத பலூனில் மனிதர் மேற்கொண்ட முதற்பயணம் இதுவே. தலைக்கு மேலே துணி. அதன் அடியிலே எரியும் வைக்கோல். பொறி பட்டுத் துணியில் ஆங்காங்கே துளைகள் விழ, நனைத்த கடற்பஞ்சினால் அவற்றை அணைத்தவாறே இருவரும் நகரைக் கடந்தனர். சுமார் 25 நிமிடங்களில் 9 கிலோமீட்டர் சென்று இறங்கினர். நகரமே அண்ணாந்து பார்த்திருந்த பயணமாதலின், இறங்கியவர் யார் என்று ஐயுறுவார் இல்லை.

ஆனால் அதற்கு மூன்று திங்களுக்கு முன் நிகழ்ந்தது வேறு. ஆகஸ்ட் 27ஆம் நாள், ழாக் ஷார்ல் என்னும் அறிஞர் ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூன் ஒன்றை ஆளில்லாமல் பாரிஸிலிருந்து பறக்கவிட்டார். பெருங்கூட்டம் திரண்டு அதனை வழியனுப்பி வைத்தது. அது முக்கால் மணி நேரம் பறந்து கொனெஸ் என்னும் சிற்றூரில் விழுந்தது. வயலில் விழுந்து புரளும் உருண்டையைக் கண்ட ஊரார் அஞ்சினர். வைக்கோற் கவைகளால் அதனைக் குத்திக் கிழித்தனர். பின்னர் அரசாங்கம், இவ்வாறான பொருளைக் கண்டு மக்கள் அஞ்ச வேண்டுவதில்லை என்று அறிவிக்க நேர்ந்தது. தலைநகரில் வியப்பாக இருந்தது, சில மைல் தொலைவிலேயே அச்சமாகிவிட்டது. அவ்வூராரைப் பேதையர் என்று நகைப்பது எளிது. அவர்களிடம் முன்னதாக ஒரு சொல் சொல்லி வைத்தவர் யார்?

அடுத்துக் கடல் கடந்து அமெரிக்கா செல்வோம். ழான் பியேர் பிளான்ஷார் என்னும் பிரெஞ்சுக்காரர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பறந்து பெயர் பெற்றவர். 1793 ஜனவரி 9ஆம் நாள், அன்று அமெரிக்கத் தலைநகராயிருந்த பிலடெல்பியாவில், சிறைச்சாலை முற்றம் ஒன்றிலிருந்து அவர் ஹைட்ரஜன் பலூனில் எழுந்தார். அவருக்கு அது 45ஆவது பயணம். அந்நாட்டிலோ அவருக்கு முதற்பயணம். குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் நேரில் வந்து வழியனுப்பினார். பிளான்ஷாருக்கு ஆங்கிலம் வாராது. ஆதலின் வாஷிங்டன் தம் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை அவரிடம் அளித்தார். இவரைத் தடுக்க வேண்டா, எங்கே இறங்கினும் மனிதநேயத்துடனும் நல்லெண்ணத்துடனும் உதவுக என்பது அதன் சாரம்.

46 நிமிடங்களுக்குப் பின், டெலவேர் ஆற்றுக்கு அப்பால், நியூஜெர்சியிலுள்ள டெப்ட்ஃபோர்டில் அவர் இறங்கினார். எதிர்ப்பட்ட குடியானவர் அஞ்சிப் பின்வாங்கினார். பேசுவதற்கு மொழி இல்லை. பிளான்ஷார் தம்மிடமிருந்த திராட்சை மதுப் புட்டியை எடுத்து நீட்டினார். ஐயம் நீங்கும்பொருட்டுத் தாமே முதலில் பருகிக் காட்டினார். குடியானவரும் பருகினார், நட்பு மலர்ந்தது. பின்னர்த் துப்பாக்கியுடன் வந்த மற்றொருவரை அமைதிப்படுத்தியவர் அந்தக் குடியானவரே. மேலும் பலர் வந்து கூடிய பின்னரே கடிதம் வெளிவந்தது. கூட்டத்தில் எழுத்தறிந்த ஒருவர் அதனை உரக்க வாசித்தார். வாஷிங்டன் என்ற பெயரைக் கேட்டதும் அனைவரும் மகிழ்ந்து உதவ முன்வந்தனர். அன்று மாலையே பிளான்ஷார் பிலடெல்பியா திரும்பினார்.

1960 அக்டோபரில் எட் யோஸ்ட் என்னும் அமெரிக்கர், புரொப்பேன் வாயுவை எரித்துச் சூடேற்றும் புதுமுறைப் பலூனில் பறந்து காட்டினார். வெப்பக்காற்றுப் பலூன் அதனால் மறுவாழ்வு பெற்றது. இன்று துருக்கியின் கப்படோக்கியா போன்ற இடங்களுக்குச் செல்லும் பயணிகள் விடியற்காலையில் அதில் ஏறி மகிழ்கின்றனர். இன்றும் திசையைத் தருவது காற்றே. ஏறியும் இறங்கியும் தக்க காற்றை நாடுவது ஒன்றே ஓட்டுநர் கையில் உள்ளது. ஆயினும் நிலத்தில் ஒரு வண்டி பலூனைத் தொடர்ந்து செல்கிறது; இறங்குமிடத்தில் தெரிந்த முகங்கள் காத்திருக்கின்றன.

பிளான்ஷாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு நாட்டின் தலைவரே எழுதிய கடிதமாயினும், அதனை வாசித்துக் காட்ட அவ்வூரார் ஒருவர் தேவைப்பட்டார். அரசாணைகளை மொழிபெயர்த்து நாளைக் கழிக்கும் நாம் இதனை நன்கு உணர்வோம்: தாளில் உள்ள உரிமை, எடுத்துச் சொல்வோர் இல்லையேல் தாளிலேயே தங்கிவிடும். முன்பின் அறியாத ஊரில் நாம் இறங்கியபோது, வழிகாட்டிய ஒரு பக்கத்து வீட்டாரோ, படிவத்தை நிரப்பித் தந்த ஓர் எழுத்தரோ நம்முள் பலருக்கும் வாய்த்திருப்பர். நாளை நம் தெருவிலும் புதியவர் ஒருவர் வந்து இறங்குவார். அவர் எம்மொழியினராயினும், அவர் கையிலுள்ள தாளை உரக்க வாசித்துக் காட்டும் பொறுப்பு இப்போது நம்முடையது.