ஆசுவாசத்தின் உடன்பிறப்பு

“அக்கா, எனக்கு விசுவாசம் பத்தலக்கா. இருந்திருந்தா பிள்ளைக்கு இந்நேரம் சுகமாயிருக்கும்ல?”

ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் என்னிடம் கேட்டாள். மூன்று வயதுப் பையனுக்கு வீசிங். பனி இறங்கினால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். நெபுலைசர் முகமூடியைப் பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். அவள் கேட்டதில் ‘பத்தல’ என்ற சொல்தான் என்னைக் குத்தியது. படியில் அளந்து பார்த்து, தலை தட்டாமல் போன அரிசி மாதிரி அல்லவா தன் விசுவாசத்தைச் சொல்கிறாள்! கடவுளின் அன்பு அந்தப் படி நிறைந்தால்தான் வரும் என்று யார் இவளுக்குச் சொன்னது? நாங்கள்தான், எங்கள் பிரசங்கங்கள்தான் என்று நினைக்கிறேன். விசுவாசம் என்ற சொல் நம் வாயில் பட்ட பாட்டுக்கும் அதில் பங்குண்டு.

விசுவாசம் வடமொழியிலிருந்து வந்தது. வேர் ‘ச்வஸ்’, அதாவது மூச்சு விடு. சுவாசம் அதே வேரில் பிறந்தது. ஆசுவாசமும் அப்படித்தான். ஓடிக் களைத்தவன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மூச்சு விடுகிறானே, அதை ஆசுவாசம் என்கிறோம். அதன் உடன்பிறப்பு விசுவாசம்: பயமின்றி மூச்சு விடும் நிலை, நெஞ்சு இறுக்கம் தளர்ந்த நிலை, அதிலிருந்து ஒருவரை நம்பியிருத்தல் என்று பொருள் விரிந்தது. சொல்லுக்குள்ளேயே ‘சுவாசம்’ காதில் விழுகிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

ஆனால் பேச்சுத் தமிழில் இது வேறு திசையில் நடந்துவிட்டது. உண்ட வீட்டுக்கு விசுவாசம், எஜமான விசுவாசம், நாய் விசுவாசமுள்ள பிராணி. 2019-இல் ‘விஸ்வாசம்’ என்று ஒரு படம் வந்தபோது அந்தப் பெயரை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தமிழ்க் காதுக்கு விசுவாசம் என்பது கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் காட்ட வேண்டிய மாறாத பற்று. கோயிலுக்குள் நுழையும்போது இந்தப் பொருளை யாரும் வாசலில் கழற்றி வைப்பதில்லை. ‘விசுவாசி’ என்று நம்மை அழைக்கும்போது, கூலிக்கு மேலும் உழைத்து நிரூபிக்க வேண்டிய வேலைக்காரனாகவே உள்மனம் நம்மை வைத்துக்கொள்கிறது. பழைய கத்தோலிக்க செபங்களில் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று மூன்று உண்டு. ‘முயற்சி’ என்றால் அங்கே மனத்தின் செயல் என்றே பொருள். கேட்பவர்களில் எத்தனையோ பேருக்கு அது பாடுபடுதல் என்றே பட்டிருக்கும்.

வேதாகம மூலத்துக்குப் போனால் படம் மாறுகிறது. எபிரெயத்தில் நம்புவதற்கான வேர் அ-ம-ன். உறுதியாக இருத்தல், தாங்குதல். நாம் ஞாயிறுதோறும் சொல்லும் ‘ஆமென்’ இதில் பிறந்ததுதான் (தமிழ் ‘ஆம் என்’ அல்ல, காதுக்கு எவ்வளவு பொருந்தினாலும்). எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் மோசே, பால்குடிக்கும் குழந்தையைத் தூக்கிச் சுமப்பவனைப் பற்றிப் பேசுகிறார். அங்கே வரும் ‘ஓமேன்’ என்ற சொல் இதே வேர். யாத்திராகமம் 17-இல் மோசேயின் கைகள் சோர்ந்து விழுகின்றன. ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் தாங்குகிறார்கள். சூரியன் மறையும்வரை அந்தக் கைகள் ‘எமுனா’வாக இருந்தன என்கிறது எபிரெயம். பிற்பாடு விசுவாசம், உண்மை என்றெல்லாம் மொழிபெயர்க்கப்படும் சொல் அது. அந்தக் கைகளுக்குச் சொந்த பலம் தீர்ந்துபோயிருந்தது. மற்றவர் தாங்கியதால் நிலைத்து நின்றன.

கிரேக்க ‘பிஸ்திஸ்’ஸில் பற்றுறுதி என்ற பொருளும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ரோமர் 3:3-இல் பவுல் அதே சொல்லைக் கடவுளுக்குச் சொல்கிறார். நம் தமிழ் வேதாகமம் அங்கே ‘உண்மை’ என்று பெயர்த்திருக்கிறது. எஜமான விசுவாசம் என்று ஒன்று இருந்தால், அதை முதலில் காட்டியவர் எஜமான்.

நம் சொந்தச் சொல் ஒன்றும் இருக்கிறது. ‘நம்பு’. தொல்காப்பியம் உரியியலில் இதற்குச் சொல்லும் பொருள் நசை, அதாவது விருப்பம், ஆசை. ஒருவரை நம்புவதும் அவரை விரும்புவதும் ஒரே சொல்லில் கிடந்த காலம் தமிழுக்கு இருந்திருக்கிறது. 1995-இல் வந்த கத்தோலிக்கரின் திருவிவிலியம், 1 கொரிந்தியர் 13-இல் விசுவாசம் இருந்த இடத்தில் நம்பிக்கையை வைத்து, பழைய நம்பிக்கைக்கு எதிர்நோக்கு என்று பெயரிட்டது. எங்கள் சபையில் இன்னும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்றே படிக்கிறோம். எனக்கு இரண்டும் வேண்டும். விசுவாசத்தில் மூச்சு இருக்கிறது, நம்பிக்கையில் நசை இருக்கிறது.

யோவானின் முதல் நிருபம் 4:16 ஒரு வித்தியாசமான வாக்கியம். அங்கே விசுவாசிக்கப்படுவது கோட்பாடு அல்ல, அற்புதம்கூட அல்ல. கடவுள் நம்மேல் வைத்திருக்கும் அன்பு. அந்த அன்பு ஏற்கெனவே வைக்கப்பட்டாயிற்று. அதை நம்பத்தான் நாள் பிடிக்கிறது. நேசித்தவர்கள் கைவிட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும். அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன்.

மாற்கு 4-இல் புயல். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. பின்னணியத்தில் தலையணை வைத்து ஒருவர் தூங்குகிறார். பயந்து கத்திய சீடர்களிடம் இயேசு விசுவாசத்தைப் பற்றிக் கேட்கிறார். வேர்ப்பொருளில் பார்த்தால் அந்தப் படகில் விசுவாசமாக இருந்தது தூங்கியவர்தான். கத்தியவர்களை அவர் தண்ணீரில் தள்ளிவிடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலில் எழுந்து காற்றை அதட்டினார், கேள்வி அப்புறம்தான்.

அந்தத் தாயிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “பத்தலங்கிறது உன் கணக்கு, அவரு கணக்கில்லம்மா” என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லோரும் எழுந்தோம். அவள் எழவில்லை. இரவெல்லாம் இரைத்துக் கிடந்த பிள்ளை காலையில்தான் கண்ணயர்ந்திருக்கிறான். மடியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. ஒரு கையை அதன்மேல் வைத்து, உட்கார்ந்தபடியே எங்களோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.